ஐரோப்பியப் பல்கலைக்கழக நிர்வாகத்தை ஆய்வு செய்யப் போகிறீர்களா? ஆவணம், பேட்டி, செலவு, நாள்காட்டி: முதல்முறை வருபவர்களுக்கு

உயர்கல்விக் கொள்கை பற்றிய ஆய்வுதானே, நான்கு சட்டங்களையும் பத்து அறிக்கைகளையும் படித்தால் எழுதிவிடலாம் என்றுதான் நானும் தொடங்கினேன். ஆஸ்திரியா, பின்லாந்து இரண்டையும் ஒப்பிட்டு, பல்கலைக்கழக வாரியங்களில் வெளியாட்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பது என் முதுநிலை ஆய்வேட்டின் தலைப்பு. ஒன்பது மாதத்தில் முடிய வேண்டியது பதினாறு மாதம் இழுத்தது. படிப்பிலோ எழுத்திலோ நான் தாமதிக்கவில்லை. எந்த வேலையை எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் அந்த ஏழு மாதத்தை இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. தலைப்பில் ‘ஐரோப்பா’ என்று இருந்தால் அடித்துவிடுங்கள்

உயர்கல்வியில் ஐரோப்பா ஒரே நாடு போல நடப்பதில்லை. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 1999இல் தொடங்கிய போலோனியா நடைமுறை பட்டங்களின் அமைப்பை ஓரளவு ஒன்றாக்கியது. ஆனால் பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரை யார் தேர்ந்தெடுப்பது, வாரியத்தில் யார் உட்காருவது, பணம் எந்தக் கணக்கில் வருவது எல்லாமே அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பாடு. ஜெர்மனியை எடுத்தால் அதுவும் போதாது: 16 மாநிலங்கள், 16 சட்டங்கள். ‘ஜெர்மனியில் பல்கலைக்கழகச் சீர்திருத்தம்’ என்று முன்மொழிவு எழுதினால், எந்த மாநிலம் என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

இரண்டு நாடு, ஒரு கேள்வி போதும். கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. என்னுடைய கேள்வியைக் காட்டுகிறேன். ஆஸ்திரியாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி பல்கலைக்கழகக் கவுன்சிலில் (அங்கே வாரியம் என்பது இதுதான்) 5, 7 அல்லது 9 பேர். ஒரு பாதியைப் பல்கலைக்கழகத்தின் உள் அவையான செனட் தேர்ந்தெடுக்கும், சம எண்ணிக்கையில் மறு பாதியை மத்திய அரசு நியமிக்கும், இவர்கள் சேர்ந்து கடைசி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பின்லாந்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுப் பல்கலைக்கழக வாரியத்தில் குறைந்தது 40 சதவீதம் வெளியாட்கள். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் கொலீஜியம் என்ற அவை. இரண்டு இடத்திலும் வெளியாட்கள்தான், ஆனால் அவர்களை உள்ளே கொண்டுவரும் கை வேறு. அந்தக் கை மாறும்போது வாரியத்தில் பேச்சு மாறுகிறதா? இந்த ஒரு கேள்விக்கே ஓர் ஆய்வேடு தாராளமாகப் போதும்.

ஒரு பொறி: பின்லாந்தில் ஆல்டோ, தம்பெரே இரண்டும் அறக்கட்டளைப் பல்கலைக்கழகங்கள். அவற்றுக்கு வாரிய விதிகள் தனி. அவற்றைப் பொதுப் பல்கலைக்கழகங்களோடு ஒரே அட்டவணையில் போட்டால் ஒப்பீடே பிசகிவிடும்.

2. முதல் வாரத்திலேயே சொற்பட்டியல் போடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இது கூடுதலாகத் தேவை. நமக்கு வேந்தர் என்றால் ஆளுநர், துணைவேந்தர் என்றால் உண்மையான தலைவர், அப்புறம் சிண்டிகேட், செனட். இந்த வரைபடத்தைத் தலையில் வைத்துக்கொண்டே ஐரோப்பிய ஆவணங்களைப் படிப்போம். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ‘கான்ஸ்லர்’ என்ற பதவியைப் பார்த்ததும் வேந்தர் என்று எடுத்துக்கொண்டால் தவறு. அவர் நிர்வாகத்துக்கும் பணத்துக்கும் பொறுப்பான உள் அதிகாரி. ‘செனட்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஆஸ்திரியாவில் அது 18 அல்லது 26 பேர் கொண்ட, பேராசிரியர்களும் மாணவர்களும் இருக்கும் செயல்படும் அவை. ரெக்டர் பதவிக்கு மூவர் பட்டியல் தருவது அதுதான், அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சில்.

ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: அந்நாட்டு மொழியில் பதவிப் பெயர், அவரை நியமிப்பது யார், நீக்குவது யார். ஆங்கில மொழிபெயர்ப்பை நான்காவது நெடுவரிசையில் எழுதுங்கள், அதை நம்பி எதையும் எழுதாதீர்கள். ‘போர்டு’ என்ற ஒரே சொல்லை வெவ்வேறு ஐந்து அமைப்புகளுக்குப் போட்டிருப்பார்கள்.

3. ஆவணங்கள்: பெரும்பாலும் இலவசம், ஆனால் எங்கே என்று தெரிய வேண்டும்

சட்டம். ஆஸ்திரியாவுக்கு ஆர்ஐஎஸ், பின்லாந்துக்கு பின்லெக்ஸ். இரண்டும் அரசின் இணையத் தரவுத்தளங்கள், காசு கிடையாது. ஆங்கில வடிவமும் கிடைக்கும், ஆனால் அது அதிகாரபூர்வமானதல்ல, திருத்தங்களுக்குப் பின்தங்கியும் இருக்கும். ஆஸ்திரியச் சட்டம் 2021இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. புதிதாகச் சேரும் இளநிலை மாணவர் முதல் நான்கு செமஸ்டரில் 16 ஈசிடிஎஸ் புள்ளிகள் (ஐரோப்பியப் பாடமதிப்புப் புள்ளிகள்) எடுத்தே ஆக வேண்டும் என்ற விதிகூட அப்போது வந்ததுதான். நான் பழைய ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு ஒரு முழு அத்தியாயம் எழுதிவிட்டேன். நெறியாளர் ஜெர்மன் மூலத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தபோது, நான் மேற்கோள் காட்டிய பிரிவில் பாதி வரிகள் மாறியிருந்தன. மூன்று வாரம் போயிற்று. மூலத்தில் தேதியைப் பாருங்கள், எந்த நாளின் வடிவத்தைப் படித்தீர்கள் என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

ஒப்பந்தம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பணமும் இலக்குகளும் சட்டத்தில் இருக்காது, அமைச்சகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இருக்கும். ஆஸ்திரியாவில் இது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, இப்போது நடப்பது 2025–2027. பின்லாந்தில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 2025–2028. ஆஸ்திரிய ஒப்பந்தங்கள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு இதழான ‘மிட்டைலுங்ஸ்பிளாட்’டில் வெளிவரும். ரெக்டர் பதவி விளம்பரம், தேர்தல் முடிவு, உள்விதி மாற்றம் எல்லாம் அதே இதழில்தான். வாரியப் பின்னணி தேட இதைவிட நல்ல இடம் கிடையாது, வலைத்தளத்தின் ஓர் ஓரத்தில் கிடக்கும்.

ஒப்பீட்டு அறிக்கை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வெளியிடும் தன்னாட்சி மதிப்பெண் அட்டையின் 2023 பதிப்பு, 35 உயர்கல்வி அமைப்புகளை அமைப்பு, நிதி, பணியாளர், கல்வி என்ற நான்கு தலைப்பில் அளக்கிறது. பயனுள்ளது, படியுங்கள். ஆனால் அது அளப்பது விதிகளை. விதியில் தன்னாட்சி இருந்து நடைமுறையில் இல்லாமல் போவதை எண் காட்டாது. ஹங்கேரியில் 2021க்குப் பிறகு பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் அறக்கட்டளைகளின் கைக்கு மாறின. காகிதத்தில் அது அரசிடமிருந்து விலகல். ஆனால் அறங்காவலர் குழுக்களில் ஆளும் தரப்பு அரசியல்வாதிகள் உட்கார்ந்திருந்தார்கள். நலன் முரண்பாடு என்று சொல்லி, 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அறக்கட்டளைகளோடு புதிய நிதி ஒப்பந்தம் போடுவதை நிறுத்தியது. எண்ணை மேற்கோள் காட்டும் ஒவ்வோர் இடத்திலும் இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

வெளியிடாத ஆவணம். வாரியக் கூட்ட நிகழ்ச்சிநிரல் போன்றவற்றை எழுதிக் கேட்டு வாங்கலாம். பின்லாந்தின் 1999ஆம் ஆண்டு வெளிப்படைத்தன்மைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். பொதுவாக இரண்டு வாரத்தில் பதில் வர வேண்டும், வேலை அதிகம் என்றால் ஒரு மாதம். ஆஸ்திரியாவில் 2025 செப்டம்பர் 1 முதல் தகவல் உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, கெடு நான்கு வாரம், இன்னொரு நான்கு வாரம் நீட்டிக்கலாம். நான் ஆய்வு செய்தபோது அங்கே இந்த வசதி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ‘எல்லாக் கூட்டக் குறிப்புகளும் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். இந்த ஆண்டு, இந்தக் கூட்டம், இந்தப் பொருள் என்று கேட்டால் சீக்கிரம் வரும்.

4. பேட்டிக்கு முன் தனியுரிமைத் தாள்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவரிடம் பேட்டி எடுத்துப் பதிவு செய்தால், 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிகள் உங்களையும் கட்டுப்படுத்தும். நீங்கள் மாணவர் என்பதால் விலக்கு இல்லை. சில பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டுக்கு மாணவரே தரவுப் பொறுப்பாளர்.

வேண்டியவை மூன்று தாள்கள். ஒன்று, ஆய்வைப் பற்றிய ஒரு பக்க விளக்கம். இரண்டு, தனியுரிமை அறிவிப்பு: என்ன தரவு, எதற்கு, எங்கே சேமிப்பு, எப்போது அழிப்பு, யாரிடம் புகார் சொல்வது. மூன்று, கையெழுத்துக்கான ஒப்புதல் படிவம். மாதிரிகள் உங்கள் பல்கலைக்கழகத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலரிடம் இருக்கும். தம்பெரேயில் இருக்கும் பின்லாந்து சமூக அறிவியல் தரவுக் காப்பகத்தின் வழிகாட்டியும் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மிகத் தெளிவானது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பின்லாந்தில் அதிகாரிகளைச் சம்மதத்தோடு பேட்டி காண்பதற்குப் பொதுவாகத் தேவையில்லை. வேறு இடங்களில் உங்கள் பல்கலைக்கழகமே கட்டாயமாக்கியிருக்கலாம். குழு மாதம் ஒருமுறைதான் கூடும் என்றால், ஒரு திருத்தம் கேட்டாலே இரண்டு மாதம் போய்விடும். முதல் மாதத்திலேயே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே நம்மவர்கள் விழும் பொறி ஒன்று உண்டு. மதுரையில் இருக்கும் தோழி ஒருத்தி, “ஆடியோவை அனுப்புடி, ஒரு வாரத்துல டைப் பண்ணித் தர்றேன்” என்றாள். அன்போடு சொன்னாள், செலவும் மிச்சம். ஆனால் அந்தப் பதிவை இந்தியாவுக்கு அனுப்புவது ஒன்றியத்துக்கு வெளியே தனிநபர் தரவை அனுப்புவதாகும். அறிவிப்பில் சொல்லாமல், அதற்கான ஒப்பந்தம் இல்லாமல் செய்யக் கூடாது. இலவச எழுத்துமாற்ற இணையதளங்களில் பதிவேற்றுவதும் அப்படித்தான். பல்கலைக்கழகம் தரும் மென்பொருளையும் சேமிப்பகத்தையும் மட்டும் பயன்படுத்துங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சொந்த மடிக்கணினியில் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு அலையாதீர்கள்.

5. அழைப்பு அனுப்புவது: நாள்காட்டியே எல்லாம்

என் ஏழு மாதத் தாமதத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு படியில் போனது. ஜூன் இரண்டாம் வாரம் இருபத்திரண்டு பேருக்கு அழைப்பு அனுப்பினேன். இரண்டு பதில் வந்தது. ஜூன் கடைசியில் யுஹான்னுஸ் என்ற நடுக்கோடைப் பண்டிகை வந்ததும் பின்லாந்து காலியாகிவிடும், ஜூலை முழுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆஸ்திரியாவில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் கோடை விடுமுறை. என் மற்ற பதில்கள் ஆகஸ்ட் கடைசியில் வந்தன, பேட்டித் தேதிகள் அக்டோபரில் கிடைத்தன.

அக்டோபரில் ஆய்வு தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு, இப்போது செய்தால் நான் இப்படிப் போடுவேன். அக்டோபரில் தாள்கள். நவம்பர், டிசம்பரில் ஆவணங்கள். ஜனவரி இரண்டாம் வாரம் அழைப்பு. பிப்ரவரி மூன்றாம் வாரம் முதல் மார்ச் தொடக்கம் வரை பின்லாந்தில் வட்டாரத்துக்கு ஒரு வாரம் குளிர்கால விடுமுறை, அதை விட்டுவிட்டு மார்ச் முதல் மே வரை பேட்டி. ஜூன் 15க்குள் கடைசிப் பேட்டி முடிய வேண்டும்.

யாருக்கு அனுப்புவது? வாரிய உறுப்பினரின் நிறுவன முகவரியைத் தேடி நேரடியாக எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. அவர் ஒரு கம்பெனித் தலைவராகவோ ஓய்வுபெற்ற நீதிபதியாகவோ இருப்பார். பல்கலைக்கழகக் கவுன்சிலுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது, அதன் செயலருக்கு எழுதுங்கள். எனக்குக் கிடைத்த பேட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு செயலர்களின் தயவால் கிடைத்தவை. வாரியக் கூட்டத் தேதி அவர்களுக்குத் தெரியும், “அன்று காலை பத்தரைக்கு வாருங்கள், கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் அவர் சும்மா இருப்பார்” என்று அவர்களே சொன்னார்கள்.

விளிப்பதில் கவனம் வேண்டும். ஆஸ்திரியாவில் பட்டத்தை விடாதீர்கள். மகிஸ்டர், டாக்டர் என்று கதவுப் பலகையில் இருப்பது அப்படியே கடிதத்தின் தலைப்பிலும் வர வேண்டும், ரெக்டர் பெண் என்றால் ‘ரெக்டோரின்’. பின்லாந்தில் முதல் பதிலிலேயே தன் முதற்பெயரை மட்டும் போட்டு முடிப்பார்கள், நீங்களும் அப்படியே எழுதலாம். ஐயா, சார் என்று எழுதிப் பழகிய கைக்கு முதலில் தயக்கமாக இருக்கும். பரவாயில்லை, அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு அல்ல.

கடிதம் பன்னிரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. யார் நீங்கள், எந்தக் கேள்வி, ஏன் அவரே வேண்டும், எத்தனை நிமிடம் (45 என்று எழுதுங்கள், பேச ஆரம்பித்தால் அவர்களே 70 நிமிடம் தருவார்கள்), எந்த மொழி. பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்குமேல் தொந்தரவு செய்ய வேண்டாம்.

6. பயணமும் வதிவிட அட்டையும்

ஒரு ஷெங்கன் நாட்டின் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றின்) செல்லுபடியாகும் வதிவிட அட்டை இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள் வரை போய்வரலாம், பேட்டிப் பயணத்துக்கு அது போதும். பாஸ்போர்ட்டும் அட்டையும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். பொறி எங்கே என்றால், அட்டை காலாவதியாகிப் புதுப்பித்தல் நிலுவையில் இருக்கும் நாட்களில். ஆஸ்திரியாவில் காலாவதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருந்தால் நாட்டுக்குள் சட்டப்படி தங்கலாம், ஆனால் பழைய அட்டையோடு எல்லை தாண்ட முடியாது. பயணம் அவசியம் என்றால் பாஸ்போர்ட்டில் ஒட்டும் தற்காலிக ஸ்டிக்கருக்கு, அட்டை தரும் அலுவலகத்தில் கேளுங்கள். அதைவிடச் சுலபம், அட்டைத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது.

பணம். ஆஸ்திரியாவில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்குக் கல்விக் கட்டணம் செமஸ்டருக்கு 726.72 யூரோ. ஆய்வேடு ஒரு செமஸ்டர் நீண்டால் இன்னொரு 726.72 கட்ட வேண்டும், தாமதத்தின் முதல் விலை இதுதான். களப்பணியில் பெரிய செலவு தங்குமிடம். ஒரே நகரத்துப் பேட்டிகளை ஒரே வாரத்தில் அடுக்குங்கள், இருவர் மறுத்தாலும் மூன்று மிஞ்சும்படி. ரயில் டிக்கெட்டைத் தேதி உறுதியான அன்றே வாங்கினால் பாதி விலைக்குக் கிடைக்கும். மூன்றில் ஒரு பேட்டியாவது காணொளியில் போகட்டும், வாரிய உறுப்பினர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள். அப்புறம், பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் ஆய்வேட்டுப் பயணத்துக்குச் சிறு உதவித்தொகை இருக்கும். பயணம் முடிந்த பிறகு கேட்டால் தர மாட்டார்கள், முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

எழுத்துப்படிக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணிப் பேட்டியைக் கையால் எழுத ஆறு மணி ஆகும், மென்பொருள் எழுதியதைத் திருத்த இரண்டரை மணி. ஆஸ்திரிய உச்சரிப்பு என்றால் இன்னும் கூடும்.

7. பெயரை எடுத்தால் மட்டும் ஆள் மறைவதில்லை

இதை நிதானமாகப் படியுங்கள். நம்மை நம்பிப் பேசியவரின் நிம்மதி இதில் இருக்கிறது.

பின்லாந்தில் கல்வி அமைச்சகத்தின் கீழ் 13 பல்கலைக்கழகங்கள். ஆஸ்திரியாவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் 23. இவ்வளவு சிறிய உலகத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ‘பின்லாந்தின் கலைப் பல்கலைக்கழகம் ஒன்றில்’ என்று எழுதினால் அது ஹெல்சின்கியில் இருக்கும் அந்த ஒன்றேதான், வேறு இல்லை. ஆஸ்திரியாவில் ‘மருத்துவப் பல்கலைக்கழகம்’ என்று எழுதினால் மூன்றில் ஒன்று.

என் முதல் வரைவில் ஒரு வரி: ‘வெளிநாட்டில் பொறியியல் படித்து, தொழில்துறையிலிருந்து வந்த பெண் தலைவர்.’ பெயர் இல்லை, ஊர் இல்லை, எனக்குத் திருப்தி. நெறியாளர் பென்சிலால் நான்கு சொற்களைச் சுற்றினார்: வெளிநாடு, பொறியியல், தொழில்துறை, பெண். பிறகு தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். இரண்டு நிமிடத்தில் திரையில் அந்த அம்மையாரின் படம் இருந்தது. அரசு நியமித்த உறுப்பினர்கள் கூட்டத்துக்கு முன் தனியாகக் கூடிப் பேசிக்கொள்கிறார்கள் என்று என்னிடம் மனம் விட்டுச் சொன்னவர் அவர். அது அச்சில் போயிருந்தால் அடுத்த கூட்டத்தில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

அதனால் செய்ய வேண்டியவை: ஒருவரைப் பற்றி இரண்டுக்கு மேல் விவரம் தராதீர்கள், அவற்றில் ஒன்று நாடாகவே இருக்கும். பல்கலைக்கழக வகையைச் சொல்ல வேண்டியிருந்தால் பதவியை விடுங்கள். மேற்கோள்களுக்கு வரிசை எண் கொடுத்தால், ஒரே எண்ணின் மேற்கோள்களை எல்லாம் சேர்த்துப் படித்துப் பாருங்கள். தனித்தனியாக மறைந்திருப்பவர் சேர்த்தால் வெளியே வந்துவிடுவார். ஒப்புதல் படிவத்தில் ‘முழுமையான பெயர் மறைப்பு’ என்று வாக்குத் தராதீர்கள். ‘பெயர் வராது, ஆனால் துறையை அறிந்தவர்கள் ஊகிக்கக்கூடும், உங்கள் மேற்கோள்களை முன்பே உங்களுக்குக் காட்டுவேன்’ என்று உள்ளதை எழுதுங்கள். அப்படி எழுதியதால் யாரும் எனக்கு மறுக்கவில்லை.

8. தனியாகச் செய்யாதீர்கள்

இந்தத் துறை சிறியது, புதியவர்களை நன்றாக ஏற்றுக்கொள்ளும். கஸ்ஸல், ட்வென்டே, தம்பெரே, ஒஸ்லோ ஆகிய இடங்களில் உயர்கல்வி ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. உயர்கல்வி ஆய்வாளர்களின் கூட்டமைப்பான ‘செர்’ ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது, இளம் ஆய்வாளர்களுக்கென்று ‘எக்கர்’ என்ற வலையமைப்பும் உண்டு. உங்கள் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி அங்கே ஒருவரிடம் காட்டுங்கள். எனக்கு ‘அந்தச் செயலருக்கு எழுது’ என்று சொன்னது அப்படிச் சந்தித்த ஒரு முனைவர் பட்ட மாணவிதான்.

9. சமர்ப்பிப்பதற்கு ஆறு வாரம் முன்

மேற்கோள்களை உரியவர்களுக்கு அனுப்புங்கள். ஆய்வேடு முழுவதையும் அல்ல, அவர்கள் சொன்ன வரிகளையும் அவற்றுக்கு முன்பின் உள்ள பத்தியையும் மட்டும். ‘14 நாளில் பதில் இல்லை என்றால் இப்படியே பயன்படுத்துவேன்’ என்று தேதி போட்டு எழுதுங்கள், இந்த விதி ஒப்புதல் படிவத்திலேயே இருந்திருக்க வேண்டும். சிலர் பேச்சுவழக்கைச் சீராக்கக் கேட்பார்கள், செய்துகொடுங்கள். ஒருவர் ஒரு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். அதே செய்தி உங்கள் ஆவணங்களில் வேறெங்காவது இருக்கும், தேடினால் கிடைக்கும். எனக்கு மிட்டைலுங்ஸ்பிளாட்டின் ஒரு பழைய இதழில் கிடைத்தது.

ஒலிப்பதிவுகளை அறிவிப்பில் சொன்ன தேதியில் அழியுங்கள். அந்தத் தேதியை இன்றே கைபேசியில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள், பட்டம் வாங்கிய பிறகு யாருக்கும் அது ஞாபகம் இருப்பதில்லை.